மிதி படாத ஷூ

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த நோட்டு கடையில் ஆர்டர் குறிக்க வாங்கியது. பத்துப் பக்கம் எழுதிவிட்டு மறந்துவிட்டார்கள். அந்தப் பத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டேன். படிக்கப்போவது நான் மட்டும்தான் என்றாலும் முறையாகத் தொடங்குகிறேன். பெயர் ஜெசிந்தா. வயது இருபத்து மூன்று. பகலில் கொருக்குப்பேட்டையில் வண்டி ஸ்டிக்கர் கடையில் வேலை. ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயர், பைக் டேங்கில் புலி, முன் கண்ணாடியில் சாமி. எந்த மதத்துச் சாமியாக இருந்தாலும் நான் ஒட்டும் ஸ்டிக்கரில் காற்றுக்குமிழி இருக்காது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

கடை முடிந்து வந்ததும் வீட்டில் ஷூ வரைகிறேன். வெள்ளை ஸ்னீக்கரைக் கொண்டுவந்து கொடுத்தால் கேட்டதை அதன்மேல் வரைந்து தருவேன். இன்ஸ்டாவில் என் பக்கத்தின் பெயர் 'கலர் ஜெசி'. பார்க்கிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

இன்று மாலை கேட்டாண்ட க்ரூவின் பயிற்சிக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் கூடைப்பந்து மைதானத்தில் பிரேக்கிங் நடனம் ஆடுகிற ஆறு பேர். ஆடுகிற இடத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்த ஆறு பேரில் எழில் ஒருவன் என்று சொல்வது சரியில்லை. எழிலும் இன்னும் ஐந்து பேரும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அவனை எனக்குத் தெரியும். ஒற்றைக் கையைத் தரையில் ஊன்றி, உடம்பைத் தலைகீழாகத் தூக்கி, கால்களை விரித்து அப்படியே நின்றுவிடுவான். அதற்கு ஃப்ரீஸ் என்று பெயர். மூச்சு விடுகிறானா என்று கிட்டப் போய்ப் பார்க்கத் தோன்றும்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சியில் நான் வரைந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடினான். ரயில்வே கேட்டின் சிவப்பு வெள்ளைக் கட்டை, மின்கம்பி, கம்பியில் காக்காய் என்று பன்னிரண்டு நாள் வேலை. முந்நூறு போட்டோ வந்தது. ஒன்றில்கூட என் வேலை தெரியவில்லை. அவன் தலைகீழாக நிற்கும்போதுதான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அப்போது கேமராவுக்குத் தெரிவது ஷூவின் அடிப்பாகம் மட்டும். அழுக்கு ரப்பர்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இருபத்து மூன்றாம் தேதி போட்டி. ஊருக்குள் ஒரு பெரிய மாலில் நடக்கிறது. ஜெயிக்கிற க்ரூ மும்பைக்குப் போகும். எழில் ஐந்து வருடமாக இதற்காகத்தான் காத்திருக்கிறான். அவன் அம்மா எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

"மும்பைல ஆடிட்டு வந்துட்டேன்னு வச்சிக்கோ, அப்பால எங்கம்மா கம்பெனி பேச்சே எடுக்காது" என்கிறான்.

க்ரூ எல்லாரும் சேர்ந்து அவனுக்குப் புது ஷூ வாங்கியிருக்கிறார்கள். சுத்த வெள்ளை. வரைவது நான். இன்று அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு கம்பெனிப் பூச்சைத் துடைத்து எடுத்தேன். அதை எடுக்காமல் பெயின்ட் அடித்தால் இரண்டே நாளில் உரிந்துவிடும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி நாத்தம் இது? ஊட்ல மனுசங்க இருக்கறதா வேணாவா?"

ஜன்னலைத் திறந்தேன். கொசு வரும், மூடு என்றாள். அம்மாவைத் திருப்திப்படுத்த முடியாது.

க்ரூவில் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் புது ஷூ போட்டு வந்தாலும் எல்லாரும் ஏறி மிதிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் செய்வதுதான். ஆனால் இவர்கள் அதோடு விடமாட்டார்கள். ஷூக்காரன் தண்டவாளத்து ஓரம் கிடக்கிற ஜல்லியில் மூன்று சுற்று காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம்தான் ஆடலாம். இதையெல்லாம் முன்னின்று நடத்துகிறவன் பவுடர்.

பவுடர் என்பது சுரேந்தர். தலையைத் தரையில் ஊன்றிப் பம்பரமாகச் சுற்றுவான். சுற்றுவதற்கு முன் பாக்கெட்டிலிருந்து முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து முதுகிலும் தரையிலும் தட்டிக்கொள்வான். அப்படி வந்த பெயர். அவன் தெருமுனையில் வரும்போதே வாசனை வந்துவிடும். மிதிப்பது எதற்குடா என்று கேட்டால், "மிதிச்சாத்தான் ஜெசி, ஷூவுக்குத் தரைன்னா இன்னான்னு தெரியும்" என்று வாத்தியார் மாதிரி சொல்வான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அடிப்பாகத்திலும் வரைந்தால் என்ன? எழில் பார்த்தால் அசந்துபோவான். அவனுக்காகத்தான்.

அடி ரப்பரில் பெயின்ட் நிற்காது என்று இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். மடங்கினால் வெடிக்கும், நடந்தால் உரியும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கடையில் பைக் டேங்க் ஸ்டிக்கர்மேல் கிளியர் என்று நிறமில்லாத ஒரு பளபளப்புப் பூச்சு அடிப்போம். வெயில், மழை, பெட்ரோல் எதற்கும் அசையாது. டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எடுத்துவந்து மூன்று கோட் அடித்து, ஹேர் டிரையரில் காயவைத்தேன். நகத்தால் சுரண்டினேன், சாவியால் கீறினேன், ஈரத்துணியால் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பச்சையும் நீலமுமாகக் காசிமேட்டு அலை வரைந்திருக்கிறேன். கண்ணாடி போட்டு மாட்டிய படம் மாதிரி மின்னுகிறது. என் வாழ்நாளில் செய்த சிறந்த வேலை இதுதான். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அம்மாதான் இருந்தாள். உளுந்து ஊறப்போட்டாயா என்று கேட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. கடையில் ஒரே ஆட்டோவுக்கு நான்கு பெண் பிள்ளைகளின் பெயர்கள் வெட்டினேன். நான்கும் 'ஸ்ரீ'யில் முடிகின்றன.

பிப்ரவரி 21, வெள்ளி

ஷூவின் மேல்பக்கத்தை மட்டும் க்ரூவுக்குக் காட்டினேன். அடியைத் துணி சுற்றி மறைத்துவிட்டேன். எழில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனால் அப்படித்தான் செய்வான்.

பவுடர் உடனே காலைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் ஷூவைப் பின்னால் மறைத்தேன்.

"இந்த வாட்டி மிதி கிதியெல்லாம் கெடயாது. மேடையில ஏறும்போதுதான் போடணும். மண்ணுல கால் வைக்கவே கூடாது."

"அது எப்டி? மிதிக்காம எப்டி?"

"பன்னெண்டு நாள் வேல சுரேந்தர். ஒன் காலத் தூக்கி வேற எங்கயாவது வை."

அவன் எழிலைப் பார்த்தான். எழில், "உட்றா, ஆர்ட்டிஸ்ட் சொல்லிட்டாங்க" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். பவுடர் மட்டும் கடைசிவரை, "ஒரே ஒரு மிதி, ஓரமா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழில் விழுந்துவிட்டான். கை.

பிப்ரவரி 24, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தரை வழவழவென்ற கிரானைட். ஷூவைப் பையிலேயே வைத்திருந்து, ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் கொடுத்தேன். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தான். கண் விரிந்தது. லேஸ் கட்டினான், எழுந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை.

முதலில் பவுடர் இறங்கினான். வழக்கம்போல் பவுடரைத் தட்டிக்கொண்டான். வெள்ளையாகப் புகை மாதிரி எழுந்தது, கூட்டம் விசிலடித்தது. தலையில் சுற்றிவிட்டு வந்தான். அடுத்து எழில். கையை ஊன்றி ஃப்ரீஸில் நின்றான். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அத்தனை கேமராவும் அவன் காலை நோக்கி இருந்தன. பிறகு இறங்கி, நான்கு அடி ஓடிவந்து, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடக் காலை உதைத்தான். உதைத்த கால் அப்படியே முன்னால் போய்விட்டது. உடம்பு முழுக்க வலது முழங்கைமேல் இறங்கியது.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

மைக்கில் பேசுகிறவன்தான் முதலில் சொன்னான்: தரையெல்லாம் பவுடர், துடைங்க, துடைங்க. அதற்கப்புறம் எல்லாரும் அதையே சொன்னார்கள். பவுடர் தன் சட்டையைக் கழற்றி மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 26, புதன்

காலையில் துணி துவைத்தேன். கடைக்குப் பாதி நாள் லீவு சொன்னேன். எழிலின் பொருட்கள் இருந்த பையை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் வாங்கி வந்திருந்தேன். ஷூ அழுக்காக இருந்தது. அடிப்பாகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். எளிதில் வரவில்லை. பிளேடால் சுரண்டி மறுபடி துடைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. ரப்பர் வரும்வரை துடைத்தேன்.

அழுக்கு ஷூவை வீட்டில் வைத்தால் அம்மா திட்டுவாள்.

மார்ச் 2, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. முழங்கை எலும்பு மூன்று துண்டாகியிருந்தது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சுரேந்தர் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பை சாத்துக்குடி. உள்ளே போக பயம். எழிலின் அம்மா மருந்து வாங்க வெளியே வந்தவர் அவனைப் பார்த்துவிட்டார்.

"எதுக்குடா வந்த? எம் புள்ள கைய ஒட்ச்சிட்டு சாத்துக்குடி குடுக்க வந்தியா? ஒன் மூஞ்சிக்குப் பவுடரு ஒரு கேடா?"

சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். எழிலின் அம்மா தட்டிவிட்டதில் பழம் உருண்டு ஓடியது. நான் பொறுக்கிக் கொடுத்தேன். அதை மட்டும்தான் செய்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அந்த ஃப்ரீஸின் போட்டோ வந்திருக்கிறது. எடுத்தவர் பெரிய ஆளாம். எழில் ஒற்றைக் கையில் நிற்கிறான், கால்கள் விரிந்திருக்கின்றன, பின்னால் கூட்டம் மங்கலாகத் தெரிகிறது. அடிப்பாகம் இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கின்றன. இடது காலில் 'கலர்'. வலது காலில் 'ஜெசி'. ஒரு எழுத்துகூட மறையவில்லை.

முன்பக்கங்களைப் புரட்டினேன். அலை வரைந்தேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பெயரையும் எழுதினேன். வரைகிறவர்கள் கையெழுத்துப் போடுவது உலக வழக்கம்.

என் பக்கத்தை இப்போது நான்காயிரம் பேர் பார்க்கிறார்கள்.

மார்ச் 22, சனி

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் ஷூவோடு கடைக்கே வந்துவிட்டார்கள். முதலாளி முறைத்தார். மூவருமே அடியிலும் வரைய வேண்டும் என்கிறார்கள். போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு காட்டுகிறார்கள்.

"அடியில வரையறதில்ல."

"இதுல வரைஞ்சிருக்கீங்களே அக்கா?"

"இப்ப வரையறதில்ல."

ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். நேரமில்லை என்றேன். இவள் எதற்கு இவ்வளவு கோபப்படுகிறாள் என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

விழுந்த வீடியோவையும் யாரோ மெதுவாக ஓடவைத்து, பவுடர் பறக்கிற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். க்ரூவின் வாட்ஸப் குழுவிலிருந்து சுரேந்தர் வெளியேறிவிட்டான். யாரும் அவனை நீக்கவில்லை. யாரும் இரு என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழில் வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை பாதி மடங்கிய நிலையிலேயே இருக்கிறது. எனக்குக் காட்டுவதற்காக நீட்டினான். முகம் வேர்த்தது. கை அவ்வளவுதான் போனது. முழுவதும் நீளாது, பாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். கொஞ்சம் சிந்தியது. துடைக்கப் போனேன், "உட்டுடு ஜெசி, எல்லாரும் தொடச்சிகினே கீறீங்க" என்றான்.

மும்பை போட்டி நேற்று முடிந்ததாம். அவன்தான் சொன்னான். பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம், இரண்டு முறை.

"பவுடர் வரானா?" என்று கேட்டான்.

"இல்ல."

"கூப்ட்டாலும் எடுக்க மாட்றான். நா அவன்மேல கோவமா இல்லன்னு சொல்லு. வேணும்னா செஞ்சான்? அவன் பழக்கம் அது."

சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன். வெயில் அதிகம்.

மே 4, ஞாயிறு

எழில் அந்த ஷூவைக் கொண்டுவரச் சொன்னான். போடுவதற்கு இல்லை, சும்மா வைத்துக்கொள்ளவாம். மடியில் வைத்து மேல்பக்கத்தை நிதானமாகப் பார்த்தான். பிறகு திருப்பினான்.

"அடில அல வரைஞ்சிருந்தியே?"

ஆஸ்பத்திரியில் தண்ணீர் பட்டு உரிந்துவிட்டது என்றேன். நம்பினான். "சே, நல்லா இருந்துச்சு" என்றான். நான் வரைந்தது போய்விட்டதே என்று அவன் வருத்தப்பட்டான்.

அடுத்த மாதம் எண்ணூர்க் கம்பெனியில் சேருகிறான். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை. இடது கையால் எழுதப் பழகுகிறான்.

மே 25, ஞாயிறு

எதுவும் வரையவில்லை. தூரிகை எல்லாம் கழுவி வைத்தேன். அம்மா இன்று நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள்.

ஜூன் 14, சனி

மத்தியானம் கடைக்கு சுரேந்தர் வந்தான். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. வாசனை இல்லாமல் அவன் வந்து நான் பார்த்ததில்லை. முகம் எண்ணெய் வழிந்து காய்ந்துபோயிருந்தது. மூலக்கொத்தளம் பக்கம் ஒரு குடோனில் மூட்டை ஏற்றுகிறானாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"இந்தா ஜெசி. என் ஷூ. ரெண்டு ஜோடி கீது. நீ வரைஞ்சி பழகிக்கோ."

"நீ ஆடறதுக்கு?"

"அதெல்லாம் முடிஞ்சிடுச்சு."

எழில் உன்மேல் கோபமாக இல்லை என்றேன். இரண்டு மாதம் தாமதமாகச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினான்.

"அவன் கோவப்பட்டாக்கூட பரவால்ல. மன்னிச்சிட்டேன்னு மெசேஜ் போட்டுக்கீறான். அத்தப் படிச்சதுல இருந்து சோறு எறங்கல." ஸ்டிக்கர் ரோலை விரலால் உருட்டிக்கொண்டே பேசினான். "ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. அந்த வீடியோவ நூறு வாட்டி பாத்துட்டேன். நா தட்டுன எடம் வேற, அவன் கால் வச்ச எடம் வேற மாரி தெரியுது. மூணு அடி தள்ளி. அப்பால நானே நெனச்சிப்பேன், பவுடர் பறக்குந்தானே, போய் உயுந்துருக்கும். ஒன் தப்ப மறைக்கப் பாக்கறியான்னு என்ன நானே காறித் துப்பிப்பேன். ஊட்ல டப்பாவத் தூக்கிப் போட்டுட்டேன். எங்கம்மாவும் இப்ப பவுடர் போடறதில்ல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பிப்ரவரி 24 அன்று எழுதியதில் ஒரு வரி பொய். எனக்கு மட்டும் எழுதுகிற நோட்டில், யாரும் பார்க்காத இடத்தில், பொய் எழுதியிருக்கிறேன்.

எழில் சொன்னான். லேஸ் கட்டி எழுந்து இரண்டு அடி வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "வயுக்குதுடி" என்றான். வழுக்குகிறது என்று தெளிவாகச் சொன்னான். பழைய ஷூ பையில்தான் இருந்தது. மாற்ற ஒரு நிமிடம் போதும்.

"புதுசுன்னா அப்டித்தான் இருக்கும். போ, கேமரா ரெடியா கீது" என்றேன்.

அவன் போனான். நான் சொன்னதால் போனான்.

ஜல்லியில் மூன்று சுற்றுத் தேய்த்திருந்தால் அந்தக் கிளியர் போயிருக்கும். என் பெயரும் போயிருக்கும். அதற்குத்தான் மிதிக்க விடவில்லை. அவனுக்காக என்று எழுதியதும் பொய்தான்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லத்தான் எழில் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

மைதானத்தில் மற்ற நால்வரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எழில் கூடைப்பந்துக் கம்பத்தின் கீழ் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், ஆடுகிறவர்களைப் பார்த்தபடியே சொன்னேன். கிளியர், மூன்று கோட், தின்னர், பிளேடு. அவன் சொன்னது, நான் சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

ஒரு சரக்கு ரயில் முழுவதும் போய் முடிந்தது.

"நா சொன்னது ஒன் காதுல உயலன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றான். "ஒரே கூச்சல் இல்ல. கேட்ருந்தா ஜெசி வேணாம்னு சொல்லியிருப்பா, அப்டீன்னு."

நான் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை.

"கைக்கு ஒன்ன இன்னா கேக்கறது? வயுக்குதுன்னு தெரிஞ்சிதான் நா எறங்கனேன். எனக்கும் அந்த போட்டோ வேணும்னு இருந்துச்சு. ஆனா அவன்?" குரல் உடைந்தது. "நாலு மாசம் ஜெசி. நா அவன மன்னிச்சேன். செய்யாதவன மன்னிச்சிருக்கேன். அவன் அத்த வாங்கிகினு மூட்ட தூக்கப் போயிட்டான். எங்கம்மா நடு ரோட்ல நிக்க வச்சி கேட்டுச்சு. நீ அங்க இருந்த இல்ல?"

"இருந்தேன்."

"அவனாண்ட போய் சொல்லு. நா கூட வர மாட்டேன். எனக்கு இப்ப ஒன் மூஞ்சப் பாக்க முடியல."

எழுந்து போனான். எழும்போது வலது கையை ஊன்றப் பார்த்து, இடது கைக்கு மாறினான். இனி அவன் என்னோடு பேசுவானா தெரியவில்லை. பன்னிரண்டு வருட நட்பு. மனம்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவனைப் பிடிக்கும். அதை இந்த நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

ஜூலை 7, திங்கள்

கடைக்கு லீவு. சுரேந்தருக்கு இன்று காலை ஷிஃப்ட் இல்லை என்று தெரிந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. பனியனோடு வந்து கதவைத் திறந்தான். ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தான்.

"அத்த வச்சிக்க சொன்னேனே."

"அதுக்கு வரல."

வாசலிலேயே நின்று சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அது தோன்றவில்லை. சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் வரும், அடிக்கக் கை ஓங்குவான் என்று பயந்துதான் போயிருந்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"திரும்ப சொல்லு" என்றான்.

திரும்பச் சொன்னேன். இந்த முறை குரல் தடுமாறியது. அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தான், கணக்குப் பாடம் கேட்கிறவன் மாதிரி. முடிந்ததும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டான்.

"மா. அடுப்ப நிறுத்திட்டு இங்க வா."

அவன் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த அம்மாள். என்னைப் பார்த்து, "வாம்மா, உள்ள வா, ஏன் வெளிய நிக்கற?" என்றார்.

"இரும்மா. இவ சொல்றத கேளு." அவன் என்னைப் பார்த்தான். "எங்கம்மாவாண்ட சொல்லு."

மூன்றாவது முறை சொன்னேன். கிளியர் என்றால் என்ன என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. வண்டிக்கு அடிக்கிற வார்னிஷ் என்றேன். அதை ஷூவுக்கு அடியில் நான் அடித்தேன், அதனால்தான் எழில் வழுக்கினான், பவுடரால் இல்லை. உங்கள் பையன் எதுவும் செய்யவில்லை.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னிக்கே சொன்னியேடா" என்றார். "மூணு அடி தள்ளிதாம்மா தட்டுனேன்னு. நான்தான... தப்பு செஞ்சிட்டு சாக்கு சொல்லாதடா, ஒத்துக்கடான்னு... நான்தானடா ஒத்துக்க சொன்னேன்."

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். சுரேந்தர் குனிந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "சரிம்மா, உடும்மா, இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல, அதான் தெரிஞ்சிடுச்சில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லும்போதே அவனும் விசும்ப ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். இன்னா ஆச்சு என்று கேட்டார்.

சுரேந்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அந்த ஆளிடம் திரும்பி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.